இருபது நிமிடம்

கிரீனாக்கில் மழை விட்டால்தான் ஆட்கள்
அண்ணாந்து பார்ப்பார்கள்.
இன்று யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு மருந்துக் கடையைத் திறக்கிறேன்.
முதல் ஆள் எப்போதும் ராப் கால்பிரெய்த்.
பச்சைத் திரவம், சின்னக் கோப்பை,
என் எதிரிலேயே குடிக்க வேண்டும்.
குடித்ததும் ஒரு வார்த்தை பேச வேண்டும்,
கன்னத்தில் ஒதுக்கவில்லை என்பதற்கு.
மற்றவர்கள் நன்றி சொல்வார்கள்.
ராப், "மார்ட்டன் மறுபடி தோற்றது" என்பான்.
பெரும்பாலும் உண்மைதான்.

இந்த மாதம் எனக்கொரு புது வாக்கியம் தந்திருக்கிறார்கள்:
ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்துகொள்கிறீர்களா,
விரல் நுனியில் ஒரு குத்து, இருபது நிமிடம், இலவசம்.
பேன் சீப்பு வாங்க வந்த மிஸஸ் ஆர்பக்கிள்
"என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?" என்றார்.
எப்படி, என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ராப் பதினொரு முறை மறுத்தான்.
ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்
அவன் கையில் நெடுநேரம் நரம்பு தேடினாளாம்.
கிடைக்காமல் ஒரு பெருமூச்சு விட்டாளாம்.
"குத்தின ஊசியெல்லாம் மறந்துபோச்சு, செங்கா.
அந்த மூச்சு போகமாட்டேங்குது."

நரம்பே வேண்டாம், விரல்தான் என்றேன்.
"அப்ப நீ முதல்ல."

பின்னறை. கூரைவரை டயப்பர் பெட்டிகள்.
இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கும்.
மருந்தாளர் ஃபெர்கஸ் நின்றபடியே குத்தினார்.
டக். என் விரலில் ஒரு குன்றிமணி.
டக். அவன் விரலில் ஒன்று.
தட்டில் அருகருகே இரண்டு பிளாஸ்டிக் வில்லைகள்,
ஒன்றில் ரா, ஒன்றில் செ.

இருபது நிமிடம் பெரியது.
என் பெயர் வந்த கதையைச் சொன்னேன்.
ஆக்னஸ் என்றொரு அத்தை, அம்மாவுக்கு அவளோடு சண்டை.
அவள் பெயரின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து அடுக்கி
எனக்கு வைத்தாள்.
மரியாதையும் ஆயிற்று, பழியும் தீர்ந்தது.
ராப் சிரித்தபோது பல் இல்லாத இடம் தெரிந்தது.
ஆறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஒரு கோடு என்றால் இல்லை.
இரண்டென்றால் எப்போதோ வந்திருக்கிறது.

ராபுக்கு ஒன்று.
வில்லையை எடுத்து எழுத்தைச் சரிபார்த்தான்,
சந்தோஷப்படத் தெரியாமல் விழித்தான்.

எனக்கு இரண்டு.

லோர்னாவின் சமையலறை. பதினாறு வயது.
ஐந்து பெண்கள், ஒரு தையல் ஊசி, ஒரு மைப்புட்டி.
முதல் ஆளுக்கு மட்டும் ஊசியை மெழுகுவர்த்தியில் காட்டினோம்.
நான் நாலாவது.
தகைவிலான் கேட்டேன், காக்கை வந்தது.
நாற்பது வருடம் காலுறைக்குள் இருக்கிறது,
பறக்காமல், ஒரு சத்தம் போடாமல்.

"இது பழைய தடம் மட்டும்தான்" என்றார் ஃபெர்கஸ்.
"கிருமி இன்னும் இருக்கிறதா என்பதை அடுத்த பரிசோதனை சொல்லும்.
இருந்தால் சில வாரம் மாத்திரை."
பயிற்சி வகுப்பில் நானும் படித்த வரிகள்.
எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூடத் தாளில் இருந்தது.
அவர் அங்கே நிறுத்தினார்.

ராபின் பஸ் போய்விட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.
பெட்டியில் குழந்தைகள் பிளாஸ்திரிதான் மிச்சம்,
டைனோசர் போட்டது.
உரிக்கத் தெரியாமல் உரித்து
என் விரலில் கோணலாகச் சுற்றினான்.

மறுநாள் ஒன்பது மணி.
குடித்தான். கோப்பையை வைத்தான்.
மார்ட்டனைப் பற்றி ஒன்றுமில்லை.
"எப்பத் தெரியும்?"
வியாழக்கிழமை என்றேன்.
அவன் வாயில் ஒன்றும் ஒதுங்கியிருக்கவில்லை.

பின்னால் மிஸஸ் ஆர்பக்கிள். சீப்புக்கு அடங்கவில்லை,
இப்போது பேன் மருந்து.
வாக்கியத்தை மறுபடி சொன்னேன்.
தாளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன்:
நானும் செய்துகொண்டேன்.
அவர் காசைக் கொடுத்தார், சில்லறையை எண்ணினார்,
கதவுவரை போனார்.
குடையை விரிக்காமல்
அங்கேயே நின்றார்.